லீலாவதி நீச்சல் பழகிய மாசி மாதம்

ஏழாவது நாவல் அச்சாகி வந்தபோது லீலாவதிக்கு நாற்பத்தொரு வயது. அவள் கணவர் அரியமுத்து அரியலூர் ஸ்டேஷனில் புக்கிங் கிளார்க். காலையில் சமையல், மத்தியானத்துக்கு மேல் எழுத்து என்று பத்து வருஷமாக ஓடியவளுக்கு 1944-ல் தை மாதம் முடியும் சமயத்தில் சென்னைப் பதிப்பாளரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. யுத்தத்தால் காகிதம் கிடைக்கவில்லை, ஆறு மாதத்துக்குப் புதுக்கதை எதுவும் அனுப்ப வேண்டாம் என்று எழுதியிருந்தார். வேறு யாராவது என்றால் முகம் தொங்கிப்போயிருக்கும். லீலாவதி கார்டை இரண்டு முறை படித்துவிட்டு, திடீரென்று பள்ளிக்கூடம் லீவு விட்டதுபோலச் சிரித்தாள்.

“செட்டிகுளம் போயிட்டு வரேங்க. சின்னம்மாளக்கா எத்தனையோ தடவ கூப்புட்டாச்சு” என்றாள்.

“தாராளமா போயிட்டு வா. புள்ளைங்கள நான் பாத்துக்கறேன்” என்றவர், அவள் பெட்டியில் வழக்கம்போல வைத்திருந்த நோட்டையும் பேனாவையும் எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். “இதெல்லாம் இங்கயே இருக்கட்டும்.”

பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரிவாயுவில் ஓடிய பஸ் பெரம்பலூர் போய்ச் சேருவதற்குள் மூன்று இடத்தில் நின்றது. அங்கிருந்து செட்டிகுளத்துக்கு மாட்டுவண்டி. பெரியம்மா மகள் சின்னம்மாளுக்கு அங்கே நாலு ஏக்கர் வெங்காயக் கொல்லை. முதல் ஐந்து நாளும் லீலாவதி தூங்கினாள். எழுந்து மோர் குடித்துவிட்டு மறுபடி தூங்கினாள். ஆறாம் நாள் தூக்கம் போதும் என்றாகிவிட்டது. கொல்லை மேட்டில் புங்கமரத்தடியில் வெங்காயத்தாள் அறுத்துக்கொண்டிருந்த பெண்களோடு போய் உட்கார்ந்தாள்.

அவர்களில் பாப்பாயி என்று ஒருத்தி. முப்பது வயதிருக்கும். கை அரிவாளோடு ஓட, வாய் தன் வேலையைப் பார்க்கும். சின்னம்மாள் தங்கையின் நாவல்களை இந்தப் பெண்களுக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம். எழுதியவளே வந்து எதிரில் உட்கார்ந்ததும் பாப்பாயிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“ஏங்கம்மா, போன கதையில அந்த செவந்திப் பொண்ணு கெணத்துல வழுக்கி வுழுந்து செத்துப்போனாளே, அவ கிராமத்துப் பொண்ணுதானே?”

“ஆமா.”

“கெணத்துக் கரையிலயே பொறந்து வளந்தவன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அவளுக்கு எப்புடிங்க நீச்சல் தெரியாமப் போச்சு?”

அறுத்துக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன. லீலாவதிக்கு அந்த அத்தியாயத்தைப் பாராட்டி நாற்பது கடிதம் வந்திருந்தது. ஒருவரும் இதைக் கேட்கவில்லை.

“பதட்டத்துல மூழ்கிட்டா” என்று சமாளித்தாள்.

“நீஞ்சத் தெரிஞ்சவ பதறுனாலும் கையும் காலும் தானா அடிச்சுக்குமுங்க. நீங்க கெணத்துல எறங்கியிருக்கீங்களா?”

“இல்ல. எங்க வூட்டுக் கெணத்துல எட்டித்தான் பாத்துருக்கேன்.”

“அதான் தெரியுதே” என்றாள் பாப்பாயி. பக்கத்தில் நின்ற சின்னம்மாள் அவளை முறைத்தாள். லீலாவதிக்கோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஏழு நாவலுக்கும் சேர்த்து அவளிடம் இவ்வளவு நேராகப் பேசியவர் யாருமில்லை.

“எனக்குக் கத்துக் குடுக்கிறியா?”

மறுநாள் உச்சிப்பொழுதில், தண்ணீர் இறைக்கும் கமலை மாடுகளை அவிழ்த்துவிட்டு ஆண்கள் சாப்பிடப் போனதும், பெண்கள் கிணற்றுப் படியில் இறங்கினார்கள். அந்த நேரம் கிணறு அவர்களுடையது. பாப்பாயி ஒரு காய்ந்த சுரைக்குடுக்கையை லீலாவதியின் முதுகில் கயிறு போட்டுக் கட்டினாள். சின்னம்மாள் மேலே நின்று, “ஐயோ, மாப்புள்ளைக்கு நான் என்னா பதில் சொல்லுவேன்” என்று புலம்பினாள்.

முதல் நாள் லீலாவதி படியை விடவே இல்லை. இரண்டாம் நாள் விட்டாள். மூக்கில் தண்ணீர் ஏறி, கண் சிவந்து, பாப்பாயியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். “என்னைய முக்கிப்புடாதடி, எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு” என்று அவள் கத்தியதில் கிணறே சிரித்தது. ஒரு வாரத்தில் குடுக்கையோடு ஒரு சுற்று. இன்னொரு வாரம் கழித்து ஒருநாள், பாப்பாயி ஒன்றும் சொல்லாமல் கயிற்றை அவிழ்த்துவிட்டாள். லீலாவதி அதைக் கவனிக்காமலே எதிர்ச்சுவர் வரை போய்விட்டாள். கல்லைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால் குடுக்கை அந்தக் கரையில் மிதக்கிறது.

“அடியே!” என்றாள்.

“வாங்க, வாங்க! வந்த மாதிரியே திரும்பி வாங்க!”

வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு மத்தியானம் எப்போது வரும் என்று இருந்தது. மல்லாந்து மிதப்பதுதான் அவளுக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. காது தண்ணீருக்குள் போனதும் பேச்செல்லாம் அடங்கிவிடும். மேலே சதுரமாக வானம், கல்லிடுக்கில் குருவிக் கூடு, ஓர் ஓரத்தில் புங்கமரக் கிளையின் நுனி. வேறு சமயமாக இருந்தால் இதை எப்படி எழுதலாம் என்று மனம் வார்த்தை தேடப் போயிருக்கும். இப்போது தேடவில்லை. குருவி வந்தது, போனது. அவ்வளவுதான்.

மாசிக் கடைசியில் அவளை அழைத்துப்போக அரியமுத்து வந்தார். வீட்டில் அவளைக் காணாமல் சின்னம்மாளைக் கேட்க, அவள் தயங்கித் தயங்கிக் கிணற்றைக் காட்டினாள். மற்றப் பெண்கள் குளித்துக் கரையேறிப் போயிருந்தார்கள். எட்டிப் பார்த்தார். தண்ணீரில் மனைவி மல்லாந்து கிடந்தாள்.

“லீலா!”

அவள் புரண்டு நிமிர்ந்து, ஈரக் கையால் முகத்தை வழித்துக்கொண்டு சிரித்தாள். “எப்ப வந்தீங்க? சாப்புட்டீங்களா?”

“சாப்பாடு கெடக்கட்டும். மேல வா மொதல்ல.”

“நீங்க கீழ வாங்க. தண்ணி என்னமா இருக்கு தெரியுமா.”

“எனக்கு நீச்சல் தெரியாதேம்மா.”

“படியில ஒக்காருங்க, போதும்.”

அரியமுத்து வேட்டியைத் தொடைவரை மடித்துக் கட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கிக் கடைசிப் படியில் உட்கார்ந்தார். காலை நனைத்ததும் அவர் முகம் மெல்ல மாறியது. பெரம்பலூர் போய் பஸ் பிடிக்க இன்னும் நேரமிருக்கிறதா என்று கேட்க நினைத்தவர் கேட்கவில்லை. லீலாவதி எதிர்ச்சுவரை நோக்கி இன்னொரு சுற்றுக்குப் புறப்பட்டாள்.