அத்தையின் இரட்டைத் தையல்

நாட்டில் எந்த ஆட்சி வந்தாலும் போனாலும் அதற்கு முழுப் பொறுப்பு தையல்கார அத்தையின் வலது கால்தான். அந்தக் கால் மிதித்தால்தான் மெஷின் ஓடும், மெஷின் ஓடினால்தான் கொடி, கொடி இல்லாமல் எந்தத் தலைவன் மேடையேறிக் கையை ஆட்டுவான்?

முன்னறையில் எல்லாக் கட்சித் துணியும் சண்டை சச்சரவில்லாமல் ஒரே மூட்டையில் கிடக்கும். ஆனால் அத்தையிடம் ஒரு ஓரவஞ்சனை உண்டு. கம்பு நுழைகிற மடிப்பில் மற்றவர்கள் கொடிக்கு ஒரு தையல், நம்ம கட்சிக்கு ரெண்டு. கல்யாணமான புதிதில் மாமா ஆசையாகக் கேட்டது. மாமா அந்தக் கட்சியின் தெருப் பொறுப்பாளர். இது இருபத்தாறு வருஷ ரகசியம்; அவர்கள் இரண்டு பேருக்கும், இந்த வீட்டிலேயே வளர்ந்து ஒட்டுக்கேட்கிற ஒரு ஜோடிக் காதுக்கும் மட்டும்தான் தெரியும்.

இந்தத் தடவை அத்தையின் மனசு நகர்ந்துவிட்டது. வாசலில் சாக்கடை வழிகிறதென்று மனுவோடு ஆறு தடவை நடந்தாள். நம்ம கட்சி வார்டு உறுப்பினர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. எதிர்க்கட்சிக்காரப் பெண் ஒருத்திதான் ஆள் கூட்டி வந்து, தானும் முழங்கால் சேற்றில் நின்று அடைப்பெடுத்தாள். அத்தை மாமாவிடம் மூச்சு விடவில்லை. அந்தப் பெண்ணின் கொடிகளுக்கு ரெண்டு தையல் போட்டாள். மாமாவின் பன்னிரண்டு கொடிக்கும் ஒன்றே ஒன்று. அவர் பார்த்தால் வீடு ரெண்டுபடும்.

மறுநாள் காலை மாமா ஒரு கொடியை எடுத்து உதறினார். மடிப்பைத் தடவினார். அத்தையின் கால் மிதியிலேயே நின்றுவிட்டது.

"ரெண்டு தையல்! ஊரே கட்சி மாறுதுடி, நீ மட்டும் அப்படியே இருக்க."

அத்தை கொடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "ம்" என்றாள்.

மாமா விசிலடித்துக்கொண்டே கம்பு வாங்கப் போனார். அடுத்த நிமிஷம், இதை எழுதிக்கொண்டிருந்த நோட்டின் மேல் அந்தக் கொடி வந்து விழுந்தது.

"முதல் தையல் என்னுது. ரெண்டாவது பாம்பு ஊர்ற மாதிரி இருக்கே, அது யாரோடது?"

"மெஷின்ல ஏதோ கோளாறு அத்தை..."

"நேத்து நான் குளிக்கப் போனப்ப கடகடன்னு ஓடுச்சே, அந்தக் கோளாறா?"

பேனா நின்றது. "மாமா கத்துவாரேன்னுதான்..."

"கத்தட்டும்டி. எனக்கு நானா வாயத் திறந்து ஆரம்பிக்க வரல. ஒரு தையலப் பாத்து அவரே கேப்பாரு, சொல்லிடலாம்னு இருந்தேன்." அத்தை பிளேடை நீட்டினாள். "அவர் கம்போட வர்றதுக்குள்ள உன் தையலப் பிரி. பன்னெண்டையும்."