பாட்டின் இரண்டாம் பாதி

மழைக்காலத்தில் கீபோர்டின் வெள்ளைக் கட்டைகள் விரலில் ஒட்டும். அழுத்திவிட்டு எடுக்கும்போது தோலைக் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொண்டுதான் விடும், ஈரமும் பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு வாடை மூக்கில் ஏறும். பதினொரு வயதில், ஐயப்பன்தாங்கல் வீட்டில், பாதிப் பாட்டை வைத்துக்கொண்டு நான் பயந்த பயம் அதற்குள் இருக்கிறது.

பஸ் டிப்போவுக்குப் பக்கத்தில் ஒரு தையல்கடையின் மாடியில் ஸ்டெல்லா மிஸ் கீபோர்டு வகுப்பு நடத்தினார். அந்த வருடம் எனக்கு 'பைனரி' வந்திருந்தது: இரண்டே பாதிகள் கொண்ட பாட்டு, ஒவ்வொரு பாதியையும் இரண்டு தரம் வாசிக்க வேண்டும். முதல் பாதி சி என்ற சுரத்தில் கிளம்பி ஜி என்ற சுரத்தில் போய் நிற்கும். இரண்டாம் பாதி அந்த ஜி-யிலேயே தொடங்கி, எங்கெங்கோ சுற்றி, சி-க்கு வந்து சேரும். "ஃபர்ஸ்ட் பாதி ஊட்ட உட்டுக் கெளம்புதும்மா, செகண்டு பாதி திரும்பி வருது. நடுவுல எழுந்துட்டீனா போனது அங்கயே நின்னுகினு கீது" என்று மிஸ் சிரித்துக்கொண்டு சொன்னார். முதல் பாதியைத் தானே எழுதிக் கொடுத்து, மிச்சத்தை நீயே கட்டிக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்.

எனக்கு மிச்சம் வரவில்லை. ஜி-யில் போய் நின்றபின் எல்லாக் கட்டையும் தெரியாத தெருவாக இருந்தது, எதைத் தொட்டாலும் இன்னும் தூரமாகத்தான் போனது, ஆகவே பயந்துபோய் மறுபடி முதலிலிருந்து கிளம்பினேன், மறுபடி ஜி-யில் நின்றேன். அடுப்படியிலிருந்து அம்மா கத்தினாள்: "இன்னாடி, போறதே போயிகினு கீற? ஊட்டுக்கு வர்ற எண்ணமே இல்லியா?" கிண்டலுக்குச் சொன்னதுதான். எனக்குள் அது வேறு மாதிரி விழுந்தது, ஏனென்றால் வெளியே போயிருந்தவர் அப்பா.

திருமழிசை தொழிற்பேட்டையில் தகடு வெட்டும் கம்பெனி ஒன்றில் அப்பாவுக்கு வேலை. அன்று விடாத மழை. மத்தியானம் கரண்டு போனது, கீபோர்டு ஊமையானது. ஷிப்டு விடும் நேரம் தாண்டியும் அவர் வரவில்லை. பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள். "ஏரி ஒடைச்சிகிச்சாம்கா! திருமழிசை ரோட்டுல இடுப்பளவு தண்ணி, பஸ்ஸெல்லாம் நின்னுபோச்சாம்!" அம்மா அரிசி மூட்டையைப் பரண்மேல் ஏற்றத் தொடங்கினாள். விசாரிக்க எங்கள் தெருவில் யாரிடமும் போன் கிடையாது.

காலையிலிருந்து எத்தனை தரம் முதல் பாதியை வாசித்திருப்பேன்! அத்தனை தரமும் அப்பாவை வெளியே அனுப்பி, தண்ணீர் புரண்டு போகும் அந்த ரோட்டில் நிறுத்திவிட்டதாகவே தோன்றியது. ஊமைக் கட்டைகளின் முன்னால் போய் உட்கார்ந்தேன். அவசரத்தில் ஜி-யிலிருந்து ஒரே தாவலாகச் சி-க்குத் தாவினேன், வாசலில் யாருமில்லை. இவ்வளவு தூரம் போனவர் இப்படியா வருவார்? சேறு மிதித்து, வழி தவறி, யாரையோ விசாரித்துத்தானே வருவார்? அதனால் கறுப்புக் கட்டை ஒன்றில் ஏறி, டி மைனர் என்ற சோகச் சுரக்கூட்டின் இருட்டுக்குள் இறங்கி, அங்கே கொஞ்சம் அலைந்து, மறுபடி ஜி-யைத் தொட்டு, அங்கிருந்து சி-க்கு நடந்தேன். சத்தம் இல்லை, கட்டைகளின் டொக் டொக் மட்டும். ஆனாலும் எனக்குள் கேட்டது.

"ஊரே மெதக்குது, உன் பொண்ணு கரண்டு இல்லாத பொட்டியத் தட்டிகினு கீறா பாரு" என்றாள் மல்லிகா அக்கா.

இரண்டாம் பாதியை இரண்டாவது தரம் தொடங்கியபோது முதுகுக்குப் பின்னால் அப்பாவின் குரல் கேட்டது. நான் திரும்பவில்லை. நடுவில் விட்டால், பின்னால் வந்து நிற்பவர் இல்லாமல் போய்விடுவார் என்று பயம். அம்மாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "அப்பன் நனைஞ்சி வந்து நிக்கிறாரு, எழுந்து ஒரு துண்டு எடுத்துக் குடுக்குறாளா பாரு!"

"இரு மே. கொயந்த முடிக்கட்டும்" என்றார் அப்பா.

அவர் சட்டையிலிருந்து தண்ணீர் சிமெண்டுத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அலைய வேண்டியதையெல்லாம் அலைந்து, சி-யைத் தொட்டு, விரலை அழுத்தியபடியே திரும்பினேன். இடுப்புவரை சேறு, ஒரு காலில் செருப்பில்லை.

"முட்ஞ்சுதா? சோக்கா கீது" என்றார், ஒரு சுரமும் கேட்காதவர்.

ஏரி உடையவில்லை, உபரித் தண்ணீரைத்தான் திறந்திருந்தார்கள் என்று மறுநாள் தெரிந்தது. தையல்கடை இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி நிற்கிறது, ஸ்டெல்லா மிஸ் எங்கே போனாரென்று யாருக்கும் தெரியவில்லை. ஏரி திறந்தால் போனில் செய்தி வருகிறது. வெளியே போனவர்கள் வரைபடத்தில் நீலப் புள்ளியாக நகர்கிறார்கள். அப்பா போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. இப்போதும் மழை பிடித்தால் ரோடு முங்குகிறது, கரண்டு போகிறது, நான் ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்துக்கொள்கிறேன், தூக்கம் வந்துவிடுகிறது. பயந்து நடுங்கிய அந்தச் சிறுமியை நினைத்தால் சில சமயம் பொறாமையாக இருக்கிறது. காத்திருப்பதற்கு அவளுக்கு ஒருவர் வெளியே இருந்தார்.