சனிக்கிழமைக் கத்தரிக்கோல்

மாக் மண்டின் வட்டாரத்தில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டாமல் மெஷின் பக்கம் போகக்கூடாது. என் இமைமுடி நீண்டு அந்தக் கண்ணாடியை உள்ளிருந்து துடைக்க ஆரம்பித்தபோது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. தலையில் விளைச்சல் நின்று பத்து வருஷம். உரமெல்லாம் இமைக்கு இறங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். "அண்ணே, ஒட்டு முடியா? என் பொண்டாட்டிக்கும் ஒரு ஜோடி கொடுங்க லா" என்றான் பக்கத்து மெஷின்காரன்.

கண்ணாடி மங்கினால் மெஷினில் கை போய்விடும். அதனால் சனிக்கிழமைதோறும் மனைவியின் மடியில் தலை வைப்பேன். என் மீசைக் கத்தரிக்கோலால் இமையை நறுக்கிவிடுவாள். முடிக்கும்வரை மூச்சுகூட விடமாட்டாள்.

அந்த வருஷம் விரல் மூட்டெல்லாம் வீங்கியது. கிளினிக்குக்கு மூன்று தடவை போனேன். டாக்டர் முன்னால் அலங்கோலமாகப் போய் நிற்பதா? ஒவ்வொரு தடவையும் சவரம், பவுடர், இமைக்கும் ஒரு வெட்டு. வேலை செய்வதால் வரும் வலி என்று மாத்திரை கொடுத்தார்கள்.

பிறகு கால் வீங்கியது. பெரியாஸ்பத்திரிக்குப் போன வாரம் மனைவி சுங்கை பாக்காப்பில் தன் தங்கை வீட்டில் இருந்தாள். இமை வெட்ட ஆளில்லை. சின்ன வயது டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் கண்ணையே பார்த்தார்.

"அங்கிள், இமை எப்போலேர்ந்து இப்படி?"

ஒரிஜினல்தான், ஒட்டவில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ரத்தம், சிறுநீர் எல்லாம் எடுத்தார்கள். லூபஸ். வீட்டுக் காவல்காரனே வீட்டுக்காரனைப் போட்டு அடிக்கிற மாதிரி, உடம்பு தன்னையே தாக்கும் வியாதி. அபூர்வமாகச் சிலருக்கு இமை இப்படி நீளுமாம். அதை மட்டும் வைத்து எதையும் சொல்லிவிட முடியாதாம். எனக்கு அது சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது. எவ்வளவு கெட்டிருக்கிறது என்று வியாழக்கிழமை ஊசி விட்டு ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்கப்போகிறார்கள்.

காரில் உட்கார்ந்து, மரண அறிவிப்புக்கு எந்தப் படம் பொருந்தும் என்று போனில் தேடினேன். அவ்வளவு சூரன் நான். எந்தப் படத்திலும் இமை நீளமாக இல்லை. சாட்சியே இல்லாமல் சுத்தமாகத் துடைத்திருக்கிறோம்.

மனைவியிடம் சொன்னேன். "நான்தானே வெட்டி வெட்டி மறைச்சேன்" என்றாள். பார்த்திருந்தாலும் கிளினிக்கில் கண்டுபிடித்திருக்கமாட்டார்கள் என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லாத பேச்சு.

இன்று சனிக்கிழமை. கத்தரிக்கோலை எங்கோ ஒளித்துவைத்துவிட்டாள். மீசையைச் சோற்றோடு சேர்த்து மென்றுகொண்டிருக்கிறேன், அதற்காவது கொடு என்று கேட்டேன். கொடுக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் இமைமுடியை விரலால் மெல்லத் தொட்டாள்.

"இருக்கட்டும். வியாழக்கிழமை டாக்டர் எல்லாத்தையும் பார்க்கட்டும்."