மீன் தண்ணி குடித்த கரி

மும்பை செம்பூரில் எங்கள் சொசைட்டி செக்ரெட்டரிக்கு விவசாயம் சுட்டுப்போட்டாலும் வராது. ஆனால் செல்போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டால் போதும், உலகத்து உழவர்களுக்கெல்லாம் அவர்தான் வாத்தியார். எங்கள் மொட்டைமாடிக்கு பயோசார் வந்ததும் அப்படித்தான். சிரட்டையையும் மரத்துண்டையும் காற்று அதிகம் படாமல் சுட்டெடுக்கிற கரி அது. மண்ணில் கலந்தால் நீரும் சத்தும் தங்கும், செடி செழிக்கும் என்றார். பொய்யில்லை. வீடியோவைப் பாதியில் நிறுத்திவிட்டார் என்பதுதான் கோளாறு.

மாடித் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டது என் வீட்டுக்காரர். தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறையை மூடிய பிறகு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் மதியம் வரை எழுந்திருக்க மாட்டார். தொட்டிகள் வந்த பிறகுதான் விடிந்ததும் மாடி ஏறினார். அந்தக் கத்திரிச் செடிகளை நான் கும்பிடாத குறை.

மீதி வீடியோவையும் பார்த்திருந்த அவர் பணிவாகத்தான் சொன்னார்.

"சார், வெறுங்கரிய அப்படியே போட்டா மண்ணுல இருக்க சத்தையும் அதுவே உறிஞ்சிரும். சாணித் தண்ணில ஊறப்போட்டுட்டு கலக்கலாம்."

"சாணியா? நம்ம பில்டிங்லயா? சீ! இது ப்யூர் கார்பன். அப்படியே போடுங்கோ."

போட்டார். இலை வெளுத்தது, பூவெல்லாம் கொட்டியது. "உங்களுக்குக் கைராசி இல்லை" என்றார் செக்ரெட்டரி. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். அடுத்த தடவையும் காய்க்காவிட்டால் மாடியைப் பூட்டிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். மாடி போனால் இவர் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார்.

மிச்சக் கரி எங்கள் பால்கனியில் ஒரு டிரம்மில் கிடந்தது. கட்டடத்தில் எங்களைத் தவிர எல்லாரும் சைவம். மீன் கூடாது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனால் மீன் வாடை என்றால் கீழ்வீட்டு செக்ரெட்டரிக்கு மூக்கில் வியர்த்துவிடும். நானும் கீரைக்கட்டுக்கு அடியில் ஒளித்துத்தான் கொண்டுவருவேன். சமைக்கும்போது ஊதுபத்தியை வைத்துச் சமாளிக்கலாம், கழுவின தண்ணீரைக் குழாயில் விட்டால் காட்டிக்கொடுத்துவிடும். கரி வாடையை இழுக்குமே என்று டிரம்மில் ஊற்றிப் பார்த்தேன். இழுத்துக்கொண்டது. அதன்பிறகு எப்போதும் அங்கேதான் ஊற்றினேன்.

தொட்டிகளில் புதுமண் போட்டபோது வீட்டுக்காரர் அந்தக் கரியிலிருந்துதான் அள்ளிக் கலந்தார். "சவம், மீனும் உரந்தாம்ளா" என்று சிரித்தார்.

கத்திரி காய்த்துத் தள்ளியது. செக்ரெட்டரி பை பையாகப் பறித்துக்கொண்டு போனார். வெண்ணெயாய்க் கரைகிறதாம்.

சொசைட்டி கூட்டத்தில் எழுந்து, "பாத்தேளா? சாணியும் வேண்டாம் கீணியும் வேண்டாம், சுத்தமான கார்பன்!" என்று கைதட்டு வாங்கினார். வாங்கிவிட்டுப் போகட்டும் என்றுதான் இருந்தேன். அத்தோடு விட்டாரா? "இவருக்குப் போறாது. தெரிஞ்ச ஆளாப் பாத்து தோட்டத்தைக் குடுத்துடலாம்" என்றார். கடைசி வரிசையில் என் வீட்டுக்காரர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்தேன்.

"சார், நீங்க ருசிச்சுச் சாப்பிட்ட கத்திரிக்கா, நான் மீன் கழுவின தண்ணில வளந்தது."

யாரோ வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். செக்ரெட்டரியின் முகத்தை மட்டும் இன்று நினைத்தாலும் எனக்குச் சோறு கூடுதலாக இறங்கும். அன்று சாயங்காலமே மாடிக்குப் பூட்டு விழுந்தது.

ராத்திரி முழுக்க என்னையே திட்டிக்கொண்டேன். விடிந்து பார்த்தால் பக்கத்தில் அவரைக் காணோம். பதறிப்போய்க் கதவைத் திறந்தேன். ஒரு கையில் காலிப் பெயின்ட் வாளிகள், மறு கையில் கண்ணாடிப் பையில் பளபளவென்று அயிலை மீன், லிஃப்ட்டிலிருந்து வந்துகொண்டிருந்தார்.

"லிஃப்ட்லயா கொண்டாந்தீங்க? யாரும் பாக்கலையா?"

"செக்ரெட்டரியும் கூடத்தான் வந்தாரு. மூக்கப் பொத்திக்கிட்டு நின்னாரு."

"என்ன சொன்னீங்க?"

"பால்கனில காச்சதும் உங்களுக்கும் தாரேன் சார்னேன்" என்றபடி டிரம்மின் மூடியைத் திறந்தார்.