மணிக்கட்டைப் பிடி

மலை நிருபருக்கு மழைக்காலம்தான் அறுவடைக் காலம். கோடையில் நாம் அனுப்பும் மேட்டரைப் பத்திரிகை ஆபீஸ் டெஸ்கில் ஒருவரும் சீந்த மாட்டார்கள். நாலு நாள் அடைமழை பெய்து ரோட்டில் ஒரு பாறை உருண்டால் போதும், அதே ஆட்கள் போனில் தேனொழுகப் பேசுவார்கள். கல்வராயன் மலையில் பகுதி நேர நிருபராக முடி நரைத்தவன் நான். மழைச் செய்தி எழுதுவது எப்படி என்று புதிதாக வரும் பிள்ளைகள் கேட்கிறார்கள். எனக்கு அது சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில்தான் விளங்கியது, அங்கே மலையே கிடையாது என்றாலும்.

ஏரி திறப்பு

சில வருடங்களுக்கு முன் ஒரு கார்த்திகை மாதம். காலையில் கதவைத் திறந்தால் எங்கள் ஊர்ச் சின்னையன் நிற்கிறார். மழைக்குத் தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் கொங்காணி போட்டிருந்தார். கையிலே இன்னொரு காலிச் சாக்கு.

"அண்ணே, செம்பரம்பாக்கம் ஏரியத் தொறக்கறாங்களாம். டிவில ஓடுது. எம்பொண்ணக் கூட்டியாந்துடணும். நீங்க கூட வாங்க."

அவர் மகள் பூங்கொடி ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் டிரெய்னி. பக்கத்துச் சேரப்பணஞ்சேரியில் நாலு பெண்களோடு ரூம் எடுத்திருந்தாள். நான் அவளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ஒன்னும் பயமில்லப்பா. எங்க தெருவுல முழங்காலுக்குக் கீழதான் தண்ணி."

அந்தப் பெண் நல்லதை நினைத்துச் சொன்னாள். ஆனால் எங்கள் மலையில் முழங்கால் தண்ணீர் என்றால் ஆளை இழுத்துக்கொண்டு போகிற தண்ணீர். அந்த அளவு வந்துவிட்டால் ஓடையில் யாரும் கால் வைக்க மாட்டோம். சின்னையனின் முகம் வெளுத்துவிட்டது.

"ஏரிக்கு நீ மேல இருக்கறியா, கீழ இருக்கறியா?"

"தெரியலயேப்பா."

அதோடு முடிந்தது. தண்ணீருக்கு மேலே இருக்கிறோமா கீழே இருக்கிறோமா என்று தெரியாத ஊரில் மகள் இருக்கிறாள் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. அவள் என்னிடம் மட்டும் தணிந்த குரலில், "பெரியப்பா, பாதியில போனா என்னைத் திரும்ப எடுக்க மாட்டாங்க. இன்னும் கொஞ்ச நாள்ல ஆபரேட்டர் ஆயிடுவேன். நீங்களாவது சொல்லுங்க" என்றாள். ஸ்பீக்கரில் இருந்ததால் அப்பாவும் கேட்டார். காலிச் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அவளுடைய சாமான்களை அள்ளிப்போட அது.

டெஸ்க்குக்குச் சொன்னேன். சப் எடிட்டர் துள்ளினார்.

"மலைப் பொண்ணுங்க வெள்ளத்துல சிக்கிக்கிட்டாங்களா? பிரமாதம்யா! அப்பன் அழுவுற மாதிரி ஒரு போட்டோ கண்டிப்பா வேணும்."

அவருக்கென்ன, அவர் உட்கார்ந்திருப்பது மாடியில்.

பள்ளம் எது, மேடு எது

விழுப்புரத்தில் ரயில் ஏறினோம். திண்டிவனம் தாண்டியதும் சின்னையன் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

"அலமேலு போன அன்னிக்கு நான் அவ கையத்தான் புடிச்சிருந்தேன் அண்ணே. விரலோட விரலு சேத்து. நழுவிடுச்சி. மணிக்கட்டப் புடிச்சிருந்தா நின்னிருப்பா."

அவர் மனைவி ஓடையில் போனது மலைக்கே தெரியும். நான்தான் செய்தி போட்டேன், நாலு வரி. இந்த விவரம் எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து அவர் தண்ணீரில் இறங்குவதில்லை; சின்ன வாய்க்கால் என்றாலும் சுற்றிக்கொண்டுதான் போவார். கடலைப் பொட்டலத்தை நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார், தின்னவில்லை.

சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தோம். வழியெல்லாம் தண்ணீர் வெள்ளித் தகடாகக் கிடந்தது. மலையில் ஒரு பார்வை பார்த்தால் தண்ணீர் எங்கே போகும் என்று சொல்லிவிடலாம். இங்கே ஒன்றும் புரியவில்லை.

"மேடு எது, பள்ளம் எதுன்னே தெரியலயே அண்ணே. தண்ணி எந்தப் பக்கம் ஓடும்?"

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா பெருசு பயப்புட்ற? செம்பரம்பாக்கம் தொறந்தா தண்ணி குன்றத்தூர் பக்கமா பூடும். இங்க வராது. இது மானத்துல இருந்து வுழுந்த தண்ணி. போறதுக்கு வழியில்லாம நின்னுகினு கீது."

"ஏன் வழியில்ல?"

"வழில எல்லாம் கட்டடம் கட்டிட்டாங்கோ."

வரிசை

மெயின் ரோட்டோரம் இறக்கிவிட்டார். பூங்கொடியின் ரூம் இருக்கும் தெரு முழுக்கக் கலங்கல் தண்ணீர். அதன் அடியில் எங்கேயோ மூடியில்லாத கால்வாய் ஒன்று இருப்பதாக டீக்கடையில் எச்சரித்தார்கள். சின்னையன் ஓரத்திலேயே நின்றுவிட்டார். நானும் நின்றேன். எனக்கு மட்டும் என்ன தைரியம்?

ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் வந்தது. கழுத்தில் ஐடி கார்டும் கையில் ஷூவுமாகப் பெண்கள் இறங்கினார்கள். பூங்கொடி அப்பாவைப் பார்த்தாள். முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவர் காலைப் பார்த்தாள். நனையவே இல்லை.

"அடி தெரியலம்மா" என்றார் அவர், தப்பு செய்தவர்போல.

அவள் டீக்கடையில் சாத்தியிருந்த மாப் கட்டையை எடுத்துக்கொண்டாள். "கைய நீட்டுப்பா." அவர் நீட்டினார். அவள் அவருடைய உள்ளங்கையைத் தாண்டி மணிக்கட்டைப் பிடித்தாள். அவர் விரல்கள் தாமாகவே அவள் மணிக்கட்டை மூடின. அவருடைய மறு கையை இன்னொரு பெண் பிடித்தாள், அதே மாதிரி. அவளுக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் காய்கறிப் பையோடு வீட்டு ஓனரம்மா, அவருக்கும் பின்னால் தென்காசிப் பக்கத்துப் பெண்கள். யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. தினமும் நடக்கிற காரியம் என்று பார்த்தவுடன் தெரிந்தது. முன்னால் பூங்கொடி கட்டையால் தரையைத் தட்டித் தட்டிப் போனாள். எல்லோரும் அவள் வைத்த இடத்தில் கால் வைத்தோம்.

பாதித் தெருவில் சின்னையன் திரும்பிப் பார்த்தார். வரிசை முழுக்க மணிக்கட்டுகள்.

"இந்தப் பிடிய யாரு சொல்லிக் குடுத்தது?"

"உன் பொண்ணுதாம்பா" என்றார் ஓனரம்மா. "மொத நாளு நான் சும்மா கையக் குடுத்தேன். 'அங்க புடிக்காதீங்க ஆன்ட்டி, நழுவிடும், இங்க புடிங்க'ன்னு ஒரே அதட்டு. இந்தத் தெருவுக்கே அவதான் இப்ப டிராபிக் போலீசு."

சின்னையன் நடுத்தண்ணீரில் நின்று அழுதார். சத்தமில்லாமல், தோள் குலுங்க. பூங்கொடி திரும்பவில்லை, பிடியை மட்டும் இறுக்கினாள்.

டெஸ்க் கேட்ட போட்டோ அச்சு அசலாக என் கண் முன்னால் நின்றது. கேமராவும் கழுத்தில் தொங்கியது. என்னுடைய இரண்டு மணிக்கட்டும் இரண்டு பக்கமும் பிடிபட்டிருந்தன. மனசு வரவில்லை, அதனால் எடுக்கவில்லை என்று பெருமையடிக்கலாம். உண்மையில் கை இல்லை.

அன்று மாலை நான் அனுப்பிய செய்தி உள்பக்கத்தில் சின்னதாக வந்தது. தெருவில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர், ஓட்டம் இல்லை, தேங்கி நிற்கிறது, ஏரித் தண்ணீர் இந்தப் பக்கம் வராது, பெண்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறார்கள். அவ்வளவுதான். சப் எடிட்டர் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. மலையில் மகளை அழைத்துவரக் கிளம்பிக்கொண்டிருந்த வேறு சில அப்பாக்கள் அதைப் படித்துவிட்டு, போட்ட செருப்பைக் கழற்றி வீட்டிலேயே இருந்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். பிள்ளைகளே, தண்ணீர் எவ்வளவு என்று மட்டும் எழுதாதீர்கள். ஓடுகிறதா, நிற்கிறதா, தாண்ட முடியுமா, கூட யார் இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். தூரத்தில் இருக்கிறவனுக்கு அதுதான் வேண்டும்.

மறுநாள் ஷிப்டுக்கு அவளை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினோம். ரயிலில் சின்னையன் காலிச் சாக்கை நாலாக மடித்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"கூட்டியாரலயா?" என்று சும்மா சீண்டினேன்.

"எப்புடிண்ணே கூட்டியாரது?" என்றார். "அந்தத் தெருவுல முன்னால நடக்க வேற யாரு இருக்கா?"