விசிறி ஓணானின் தொண்டை

ஃபார்மலின் நெடி. மூக்கில் ஏறிக் கண்ணைக் கரிக்கும் அது, இன்று டாக்டரைப் பார்க்கக் காத்திருந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் எங்கிருந்தோ வந்தது. உட்கார முடியவில்லை. எழுந்து நடந்தேன். நடக்க நடக்கத் தாம்பரம் வந்துவிட்டது: அறுபதுகளின் கடைசி, கல்லூரி விலங்கியல் கூடம், மேசைமேல் கண்ணாடி ஜாடி, அதற்குள் எங்கள் ஓணான்.

எங்கள் என்ன, அவனுடையது. என்னோடு எம்.எஸ்ஸி. படித்த நண்பன், அனகாபுத்தூர்த் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. நீளவாட்டில் போகும் நூல் பாவு, குறுக்கே ஓடுவது ஊடை என்பதே அவன் வீட்டில்தான் எனக்குத் தெரிந்தது. இரும்புலியூர் முள்காட்டில், கல்மேல் ஏறித் தொண்டையை விசிறிபோல் விரித்துக்கொண்டிருந்ததை அவன்தான் துண்டு போட்டு அமுக்கினான். "மச்சான், இது வேறடா!" என்று கத்தினான்.

படம் வரைவது அவன், விவரித்து எழுதுவது நான். உடல் என் சுண்டுவிரல் நீளம். வால் அதைப்போல் இரண்டு மடங்கு. ஒவ்வொரு செதிலின் நடுவிலும் கூரை முகடுபோல் மேடு. முதுகில் சீட்டுக்கட்டு டைமனாக வரிசை கட்டிய கறுப்புக் கட்டங்கள். பின்னங்காலில் நாலே விரல். இதெல்லாம் ஊரறிந்த விசிறி ஓணானுக்கும் உண்டு. மிச்சம் தொண்டைதான். அதுவோ ஃபார்மலினில் வெளுத்து, நனைந்த காகிதமாகத் தொங்கியது.

நான் 'நீலம்' என்று எழுதியிருந்தேன். அவன் படத்துக்கு அடியில் 'மயில் கழுத்து' என்று எழுதியிருந்தான்.

பேராசிரியர் இரண்டையும் பார்த்தார். "என்னப்பா இது, ஓணானா ஜவுளிக்கடையா? வெறும் நீலம்னா பழைய இனம்தான், தூக்கிப் போடு. நிறம் வேறன்னா புதுசு. காலையில மியூசியத்துக்குப் பார்சல் போகுது. உயிரோட கையில வெச்சுப் பார்த்தவன் அவன். அவனையே கேளு."

அவன் அன்று மாலையே பம்பாய்க்குக் கிளம்புகிறான். ஏதோ கம்பெனியில் குமாஸ்தா வேலை. இனி ஓணானும் இல்லை, காடும் இல்லை. "நம்மது புதுசுன்னு ஆனா மட்டும் எனக்கு ஒரு கடுதாசி போடுடா, அது போதும்" என்று முதல்நாள் சொல்லியிருந்தான்.

சைக்கிளை மிதித்தேன். ஜி.எஸ்.டி. ரோடு லாரிகள், ரயில்வே கேட், கேட்டுக்கு இந்தப்பக்கம் நான், இருப்புக்கொள்ளாத ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு. பிளாட்பாரத்துக்குள் ஓடியபோது, பம்பாய் ரயிலைப் பிடிக்க அவன் பட்டணம் போகும் எலக்ட்ரிக் வண்டி நின்றிருந்தது. ஜன்னலில் அவன் முகம்.

"இன்னா மச்சான், நாய் தொரத்திக்கினு வந்துச்சா?"

"தொண்டை நீலமா, பச்சையா? ஒண்ணு சொல்லு."

"நீயுந்தானே பார்த்த?"

"நான் தள்ளி நின்னேன்டா. எனக்கு நீலந்தான் தெரிஞ்சுது."

"ரெண்டும் தாண்டா. இப்படித் திருப்பினா நீலம். அப்படித் திருப்பினா பச்சை. அதான் மயில் கழுத்துன்னேன்."

"சாருக்குப் புரியலை. ஜவுளிக்கடையாங்கறார்."

"அவரு வூட்ல புடவையே எடுக்க மாட்டாரா?"

சிரிக்க எனக்கு நேரமில்லை. வண்டி அசைந்தது. கூடவே நடந்தேன், பிறகு ஓடினேன். "எப்படிடா எழுதறது?"

அவன் கம்பிக்கு வெளியே கையை நீட்டி, உள்ளங்கையில் ஏதோ இருப்பதுபோல் இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் திருப்பிக் காட்டினான்.

"பாவு நீலம், ஊடை பச்சை! அப்படியே எழுதுடா, மாத்தாத!"