வேடியப்பனிடம் வாய்விட்டுக் கேட்டது

அரூர்ப் பள்ளிக்கூடத்தில் தற்காலிக வாத்தியாராக நாலாவது வருஷத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். கோடை லீவு வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், ஜூனில் மறுபடி கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டால் என்ன செய்வது என்ற பயத்திலேயே இருபத்தாறு வயதில் எனக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது. பெண் கொடுக்க வந்தவர்களும் "வேலை உறுதியாகட்டும், பார்ப்போம்" என்று காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

அப்போதுதான் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட அந்த இன்ஸ்பெக்டர் வந்தார். என்னை நிரந்தரமாக்குவதும் அவர் கையில்தான். பாடத்தைவிடப் பழங்கல்லில்தான் அவருக்குப் பைத்தியம். சித்தேரி மலையில் எழுத்துள்ள நடுகல் ஒன்று இருக்கிறது, எனக்கு நன்றாகத் தெரியும் என்று அளந்துவிட்டேன். சந்தைக்குத் தேன் கொண்டுவரும் மலைக்காரர் ஒருவர் சொல்லிக் கேட்டதுதான். மற்றபடி அந்தப் பக்கம் நான் தலைவைத்துப் படுத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேன்காரரை முன்னால் விட்டு மூவரும் ஏறினோம். இன்ஸ்பெக்டர் தொப்பியும் பூட்ஸுமாக வந்தார். பார்த்த மரத்துக்கெல்லாம் பெயர் கேட்டார். எனக்குத் தெரிந்தது புளியும் வேம்பும். மற்றதற்கு வாயில் வந்ததைச் சொன்னேன், அவரும் பயபக்தியோடு நோட்டில் எழுதிக்கொண்டார். தேன்காரர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். நல்ல மனிதர், காட்டிக்கொடுக்கவில்லை. மூங்கில் காட்டைத் தாண்டியதும் தூரத்தில் தீர்த்தமலை தெரிந்தது. "ஆகா, என்ன காட்சி!" என்றார் இன்ஸ்பெக்டர். ஆமாம் சொல்லக்கூட எனக்கு மூச்சில்லை.

சாமைக் காட்டு ஓரம், ஒரு மரத்தடியில் கல் இருந்தது. எண்ணெயும் மஞ்சளும் விரற்கடை கனத்துக்கு அப்பியிருந்தன. எழுத்து எங்கே தெரியும்? கழுவ வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர்.

"கழுவலாமுங்க," என்றார் தேன்காரர். "ஆனா இந்தக் கல்லுதான் எங்க வேடியப்பன் சாமி, அதுக்குச் சும்மா தண்ணி ஊத்தக்கூடாதுங்க. வேண்டுதல் இருக்கறவங்கதான் ஊத்தணும். என்னா வேணும்னு எல்லாரு காதுலயும் வுழற மாதிரி சொல்லணும். பொய்யா வேண்டுனா கண்ணு போயிருமுங்க."

"எனக்கு ஒரு குறையும் இல்லை. நீர் ஊற்றும்," என்று இன்ஸ்பெக்டர் செம்பை என் கையில் திணித்தார்.

அதற்குள் மலைக்காரர்கள் இருபது பேர் கூடிவிட்டார்கள். எனக்கு உள்ளது ஒரே வேண்டுதல். கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன்: "சாமி, என் வேலை நிரந்தரமாகணும்!"

"யாரு ஆக்கணும் சார்? அதயும் சொன்னாத்தான சாமிக்கு வெளங்கும்," என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

நான் மோவாயால் காட்டினேன். இருபது தலையும் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பின. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

தேய்த்துக் கழுவியதும் வில்லும் கையுமாக ஒருவன் வெளியே வந்தான். தலைக்குமேல் எழுத்து. இன்ஸ்பெக்டர் மண்டியிட்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். யாருடைய மாட்டையோ மீட்கப் போய்ச் செத்தவனாம். பாவம், உயிரோடு இருந்தவரை அவனும் தற்காலிகம்தான் என்று எனக்குத் தோன்றியது. செத்த பிறகுதான் அவனுக்குக் காட்டில் நிரந்தர இடம்.

இறங்கும்போது இன்ஸ்பெக்டர் ஒரு மரத்துக்கும் பெயர் கேட்கவில்லை. என் வேலை போயிற்று என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஜூனில் உத்தரவு வந்தது. நிரந்தரம்! சித்தேரி மலைமேல் புதிதாகத் திறக்கும் பள்ளிக்கூடத்துக்கு. இடம் எது என்று நான் சாமியிடம் சொல்லாமல் விட்டிருந்தேன்.

பெண் வீட்டார் மறுபடி வந்தார்கள். வேலை உறுதி என்றதும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்கள். எந்த ஊர் என்று கேட்டதும் காபி வருவதற்குள் எழுந்துவிட்டார்கள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெட்டியோடு மலையேறியவன் நேரே கல்லுக்குத்தான் போனேன். செம்பைக் கையில் எடுத்ததும் ஊரே கூடிவிட்டது.

தேன்காரர் என் காதருகே வந்தார். "இந்தத் தடவ எதயும் வுட்டுராதீங்க சார். மல ஏறி வர்ற பொண்ணாக் கேளுங்க."